யாரு அனுப்புனா?

என் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. தாத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் வரமாட்டேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. வாசல்நடை வரை வருவான், அங்கிருந்தே "தாத்தா, டாட்டா" என்று கையாட்டுவான், ஓடிவிடுவான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கன்னத்துப் புண்ணின் வாடை. அம்மா காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். சாம்பிராணியும் அந்த வாடையும் கலந்து ஒன்று வருமே, அது வெறும் வாடையைவிட மோசம். இன்றுவரை எங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவதில்லை.

அப்பா கண்டக்டர். தென்காசி, திருநெல்வேலி, சங்கரன்கோவில் என்று 31 வருஷம் அரசு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தவர். ராத்திரி சர்வீஸில் தூக்கம் வராமல் இருக்கட்டும் என்று வாயில் போட ஆரம்பித்த புகையிலை, ஓய்வு பெற்ற பிறகும் கன்னத்தை விட்டு இறங்கவில்லை. 2022-இல் வலது கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண். புற்றுநோய் என்றார்கள். ஒரு பெரிய நகரத்தின் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பிறகு முப்பது நாளுக்கு மேல் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. எட்டு மாதம் நன்றாக இருந்தார். ஒன்பதாம் மாதம் அதே பக்கம் வீங்கியது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் நல்லவர்தான். முகத்தைப் பார்த்துப் பேசினார், அவசரப்படவில்லை. "இதுக்கு மேல உடம்பு தாங்காதும்மா. ஐயாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ன பிடிக்குமோ அதைக் குடுங்க" என்றார். அப்பாவின் வாய் அப்போது ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்ததைக் கொடுங்கள் என்றால் எதை, எந்த வழியாக என்று கேட்க எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வலி மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, 'தேவைப்பட்டால் வரவும்' என்ற வரி. பில்லில் பதினான்கு வரிகள் இருந்தன.

அதன் பிறகு வந்த ஆறு வாரங்களைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். வாயால் கத்த முடியாது. சட்டம் நெறிபடும் சத்தம் கேட்டு நாங்கள் எழுந்து வருவோம். இணையத்தில் தேடி, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்ற மருந்தின் பெயரைக் கண்டுபிடித்து மெடிக்கலில் போய்க் கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா, கேஸ் ஆயிரும்" என்றார். நான் ஏதோ சாராயம் கேட்டது மாதிரி பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

வழி மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. என் சித்தி வாக்கப்பட்டது புனலூரில். செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு தாண்டி இறங்கினால் புனலூர். எங்களுக்கு மதுரையைவிடப் பக்கம். போனில் அம்மா அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு சித்தி சாதாரணமாகக் கேட்டாள்: "ஏன்க்கா, அங்க பாலியேட்டிவ்காரங்க வரமாட்டாங்களா?"

அம்மாவுக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. எனக்கும்தான். கடும் நோயில் கிடப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கிற வைத்தியம் என்பது பிறகுதான் தெரிந்தது. சித்தியின் மாமனார் பக்கவாதத்தில் நான்கு வருஷம் படுக்கையில் கிடந்தபோது நகராட்சியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து டியூப் மாற்றி, முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, சித்திக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார்களாம். எட்டாம் வகுப்போடு நின்ற சித்தி அந்த ஆங்கில வார்த்தையை ரேஷன், கரண்ட் பில் என்பது போலப் புழங்கினாள். போன் போட்டுச் சொன்னால் வருகிறவர்கள், அவ்வளவுதான் அவளுக்கு.

அந்த வார்த்தை ஒரு வீட்டுக்குள் அப்படிப் புழங்க எத்தனை வருஷம் ஆயிற்று என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரே ஒரு அறை. மயக்க மருந்துத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலிக்கென்றே ஒரு வெளிநோயாளிப் பிரிவை ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்கள்தான் அதிகம் என்று தெரிந்ததும் ஊர் ஊராகக் கிளைகள், தன்னார்வலர்கள், மலப்புரம் பக்கம் தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்த அக்கம்பக்கத்துக் குழுக்கள் என்று அது வெளியே நடந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகள் வீட்டுப் பராமரிப்புக்கு நர்ஸ் வைப்பது அப்படித்தான் பரவியது. சித்தி வீட்டு வாசலில் வந்து நின்ற நர்ஸுக்குப் பின்னால் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஒற்றை அறை இருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். கேரளத்தில் எல்லாம் ஜனங்களே செய்துகொண்டார்கள் என்று சிலர் அந்த அறையை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

சித்தி போனை வைத்த மறுநாள் நான் எங்களுக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரித்தபோது முதலில் ரத்தப் பரிசோதனைக்கும், பிறகு பிசியோதெரபிக்கும் அனுப்பினார்கள். கடைசியில் கூட்டிப் பெருக்கும் ஒரு அக்காதான், "வலிக்கு மாத்திரை குடுக்கிற சிஸ்டரா? அன்னா, அந்தக் கடைசி ரூம்" என்று கையைக் காட்டினார். கதவுக்கு மேலே நீல போர்டு: வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவு சிகிச்சை. இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அம்மா பின்னாளில் சொன்னாள்: "நோய்க்கா ஆதரவு? நோயாளிக்குல்லா குடுக்கணும்?" நியாயமான கேள்வி. இதே பாலியேட்டிவை மலையாளத்தில் சாந்த்வன பரிசரணம், ஆறுதல் பராமரிப்பு, என்கிறார்கள். சொன்னாலே பாதி ஆறுதல் வந்துவிடுகிறது. நம் போர்டைப் படித்தால் யாரோ நோயோடு கூட்டணி வைத்த மாதிரி இருக்கிறது.

உள்ளே ஒரு சிஸ்டர், ஒரு மேஜை, பூட்டிய இரும்பு அலமாரி, இரண்டு பெரிய பதிவேடு. அப்பாவின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். பெயர், வயது, நோய். அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்திக் கேட்டார்: "யாரு அனுப்புனா?"

"புனலூர் சித்தி."

சிரித்துவிட்டார். "டாக்டர் யாரும் எழுதித் தரலையா?" இல்லை என்றேன். அந்தக் கட்டத்தில் 'சுயம்' என்று எழுதிக்கொண்டார்.

எங்கள் வீட்டிலிருந்து அந்த அறைக்கு ஏழு கிலோமீட்டர். ஆறு வாரமாக அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எல்லா ராத்திரியும் அந்த அலமாரிக்குள் மாத்திரை இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, மார்ஃபின் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார் சிஸ்டர்: காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. ராத்திரி பத்து மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு, நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. வலி வந்த பிறகு கொடுக்கக் கூடாது, நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். இதில் அப்பாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் நேரத்துக்கு எடுத்துப் பழகியவர். கைக்கடிகாரத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அம்மாவைப் பார்த்து விரலைச் சொடுக்குவார். பழைய டைரி ஒன்றில் டிரிப் கணக்கு எழுதுவது போல நேரமும் மாத்திரையும் எழுதிவைத்தார். மூன்றாம் நாள் ராத்திரி தூங்கினார். நாங்கள் தூங்கவில்லை, பழக்கமில்லாத அமைதியில் ஏதோ ஆகிவிட்டதோ என்று மாறி மாறிப் போய் மூச்சைப் பார்த்தோம்.

அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. அது கடைசி மாத்திரை, அதைக் கொடுத்தால் ஆளை முடித்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சிஸ்டர் அதற்குக் கோபப்படவில்லை. கொஞ்சமாக ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துக் கூட்டுகிற மருந்து இது, இதோடு வருஷக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு என்று விளக்கினார். முதல் இரண்டு மூன்று நாள் வாந்தி வரலாம், தூக்கமாக இருக்கும், அது போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதனால் பேதி மாத்திரையையும் கூடவே கொடுக்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு மார்ஃபினைவிட அந்தப் பேதி மாத்திரைமேல்தான் சந்தேகம்.

புண்ணைப் பார்க்க அடுத்த வாரம் வீட்டுக்கு வேறொரு சிஸ்டர் வந்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்தார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அதில் வருகிறவர். பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும்தான் அந்தத் திட்டம் என்று நினைத்திருந்தேன். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கவும் அதில் ஆள் உண்டு. அவர் கட்டைப் பிரித்தார், முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே, மெட்ரோனிடசோல், அந்த மாத்திரையை வாங்கிவரச் சொல்லி, இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நுணுக்கி, கழுவிய புண்மேல் பவுடர் மாதிரி தூவினார். "காத்தில்லாத எடத்துல வளர்ற கிருமிதான் இந்த வாடைக்குக் காரணம். தெனம் கட்டு மாத்தும்போது இதைத் தூவுங்க."

ஒரு மாத்திரை ஒன்றோ இரண்டோ ரூபாய். ஐந்தாம் நாள் வாடை பெருமளவு போய்விட்டது. பத்தாம் நாளோ என்னவோ, பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகன் பையைக்கூடக் கழற்றாமல் நேரே போய்த் தாத்தா கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். அடுக்களையில் நின்ற அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லட்சக்கணக்கில் செலவழித்த ஒரு வைத்தியத்தில் ஸ்பூனால் நுணுக்கிய இந்த மாத்திரையை எங்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தெரியாமல் இருந்திருக்காது. சொல்வது யாருடைய வேலை என்பதுதான் அங்கே தெரியவில்லை.

அப்பாவுக்குப் பேச வராததால் மகனின் சிலேட்டைக் கொடுத்திருந்தோம். அடுத்த முறை வந்த சிஸ்டர் வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். "பெறகு ஏன் ஐயா மூணு மணிக்கே முழிச்சிருதிய? என்ன யோசனை?" அப்பா ரொம்ப நேரம் சிலேட்டை மடியில் வைத்திருந்தார். பிறகு எழுதினார்: ஜாமீன். ஆபரேஷனுக்கு வாங்கிய வட்டிக் கடனுக்கு அவரோடு ஓடிய டிரைவர் மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. தான் போன பிறகு அந்த மனுஷன் வாசலில் வந்து கடன்காரன் நிற்பானே என்பதுதான் மூன்று மணி முழிப்பு. மறுநாளே டிரைவர் மாமாவை வரவழைத்தோம். அண்ணன் பேரில் கடனை மாற்றி எழுதினோம். அந்த வாரம் மார்ஃபின் அளவைக் கூட்டாமலேயே அப்பா ஐந்து மணி வரை தூங்கினார்.

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் 1967-இல் கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பராமரிக்க செயின்ட் கிறிஸ்டோபர் என்ற இல்லத்தைத் திறந்தவர். நர்ஸாக இருந்து, ஆஸ்பத்திரி சமூகப் பணியாளராக இருந்து, அதற்குப் பிறகு டாக்டருக்குப் படித்தவர். உடம்பு, மனசு, குடும்பம், பணம், சாமி எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்று அவர் சொல்லிவந்ததைப் பின்னால் படித்தபோது எனக்குச் சிலேட்டில் எழுதியிருந்த அந்த ஒற்றை வார்த்தைதான் ஞாபகம் வந்தது.

சரி, ஏன் ஒருவரும் எங்களை அனுப்பவில்லை?

பாதிக் காரணம் அந்த மெடிக்கல்காரர் குரலைத் தாழ்த்தியதில் இருக்கிறது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 10 வருஷச் சிறை என்கிற மாதிரிக் கடுமையான பிரிவுகள். மார்ஃபினை வாங்க ஒரு உரிமம், வைத்திருக்க ஒன்று, மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர ஒன்று என்று பல துறைகளின் படியேற வேண்டும். ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும். ஆஸ்பத்திரிகள் இந்த வம்பே வேண்டாம் என்று கைகழுவின. எண்பதுகளின் நடுவில் வருஷத்துக்கு சுமார் 600 கிலோவாக இருந்த நாட்டின் மார்ஃபின் உபயோகம் 1997-இல் 18 கிலோவுக்கு வந்தது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு, மார்ஃபின் எடுக்கும் அபின் விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. அந்த அபின் வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குக் கப்பலேறியது. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே படித்து முடித்தார்கள். அந்தத் தலைமுறைதான் இன்று துறைத் தலைவர்களாக உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தெருவில் விற்றுவிடுவார்கள் என்ற பயத்துக்கு கோழிக்கோட்டுக்காரர்கள் அப்போதே பதில் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்தில் 1,723 நோயாளிகளுக்கு வீட்டில் வைத்துச் சாப்பிட மார்ஃபின் கொடுத்துப் பார்த்ததில் ஒன்றுகூடத் தவறான கைக்குப் போனதாகத் தெரியவில்லை என்று 2001-இல் எழுதினார்கள். சட்டம் திருந்த 2014 ஆயிற்று. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனமாக மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே ஒரு அனுமதி வாங்கினால் போதும் என்று ஆனது. அப்புறமும், 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் கணக்கெடுத்தபோது, வலிக்குத் தேவைப்படும் மார்ஃபின் வகை மருந்தில் இந்தியாவுக்குக் கிடைப்பது 4 சதவீதம் என்றது. சட்டம் திருந்திவிட்டது. மெடிக்கல்காரரின் குரல் தாழ்ந்தது தாழ்ந்ததுதான்.

மீதிப் பாதிக் காரணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன்.

'நோய் ஆதரவு சிகிச்சையை விரிவாக்குவோம்' என்று பேசும்போதெல்லாம் கட்டில் கணக்கு சொல்கிறார்கள். இத்தனை ஆஸ்பத்திரியில் இத்தனை படுக்கை, புதுக் கட்டிடம், ரிப்பன். வேண்டாம் என்று யார் சொல்வார்? 2012-இல் தேசியத் திட்டம் வந்தது. அதே வருஷம் மும்பை டாடா மருத்துவமனையில் இதற்கென்றே எம்.டி. படிப்பு ஆரம்பித்தார்கள்; எல்லாம் நல்லது. ஆனால் நான் பார்த்த அறை காலியாக இருந்தது. மருந்து இருந்தது, தெரிந்த சிஸ்டர் இருந்தார், ஆள் வரவில்லை. அதே வளாகத்தில் நூறு அடி தள்ளி ஆண்கள் வார்டில் வலியில் முனகிக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த அறைக்கும் நடுவில், அங்கே அனுப்பும் ஒரு சீட்டு குறைந்தது. அதை எழுதும் டாக்டர்கள் அதைத் தோல்விச் சீட்டாக நினைக்கிறார்கள் என்பது என் அனுமானம். எழுதினால் நான் கைவிட்டேன் என்று ஆகிவிடும், குடும்பம் மனசு உடைந்துவிடும், கொஞ்ச நாள் போகட்டும். அந்தக் கொஞ்ச நாளில்தான் கட்டில் சட்டம் நெறிபடுகிறது.

அமெரிக்காவின் பாஸ்டனில் செய்த ஒரு ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்கு நோய் கண்டறிந்த உடனே அதே சிகிச்சையோடு இந்த ஆதரவு சிகிச்சையும். இரண்டாவது கூட்டத்தாருக்கு மனச்சோர்வு குறைவு, கடைசி நாட்களில் உடம்பைப் போட்டு வதைக்கும் வைத்தியம் குறைவு. இதுவரை யாரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்கள் அதிக நாள் உயிரோடும் இருந்தார்கள்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். சீட்டைத் தள்ளிப்போடுவதால் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கும் எந்த டாக்டரிடமும் இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிக் காட்டலாம்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பால்ஃபர் மவுண்ட் என்ற சர்ஜன் 1975-இல் ஒரு பிரிவு தொடங்கினார். சாண்டர்ஸ் திறந்தது போன்ற இல்லத்தைக் குறிக்கும் ஹாஸ்பிஸ் என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் அநாதை மடம் என்கிற மாதிரி ஒரு வாடை இருப்பதால் அதை விட்டுவிட்டு, பாலியேட்டிவ் கேர் என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதாவது எங்கள் சித்தியின் வார்த்தை மாண்ட்ரியலிலிருந்து புனலூருக்கு வந்தது. அவர் தொடங்கியதில் தனி வார்டு மட்டும் இல்லை. மற்ற வார்டுகளுக்குத் தாங்களே நடந்துபோய் நோயாளிகளைப் பார்க்கும் குழு, வீட்டுக்குப் போகும் குழு, இறந்தபின் குடும்பத்தை விசாரிக்கும் ஏற்பாடு எல்லாமே இருந்தன. அறைக்குள் உட்கார்ந்து ஆள் வருவார்கள் என்று காத்திருக்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த சிஸ்டர் வார்டு வார்டாக நடக்கலாமே என்று கேட்டேன். "நடக்கலாம்தான். நான் நடந்தா இங்க யாரு இருப்பா?" அவரைப் பிரசவ வார்டுக்கு டூட்டி போடும் நாட்களில் அறை பூட்டியிருக்கும். பயிற்சி பெற்ற ஒரு ஆளை வேறு வார்டுக்கு மாற்றினால் ஒரு பிரிவே மாறிப்போகிறது. நூறு கட்டில் கேட்பதற்கு முன்னால் நான் இரண்டாவது சிஸ்டரைக் கேட்பேன்.

அப்பா 2023 கார்த்திகையில் போனார். வீட்டில், மத்தியானம் இரண்டு மணி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து. டைரியில் அந்த இரண்டு மணியும் அவர் கையெழுத்தில் இருக்கிறது, கொஞ்சம் கோணலாக. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சிஸ்டர் எண்ணினார், எழுதினார், என்னிடம் கையெழுத்து வாங்கினார். பதிவேடு என் பக்கம் திரும்பியிருந்தது. அந்த 'அனுப்பியவர்' பத்தியை மேலிருந்து கீழே பார்த்தேன். சுயம். உறவினர். உறவினர். மக்களைத் தேடி. சுயம். ஒரு டாக்டர் பெயர்கூட அந்தப் பக்கத்தில் இல்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். அத்தை இருக்கிறாளே.

அப்பாவின் தங்கை. முப்பது வருஷம் கூலிக்கு நெல் அவித்தவள். உமிப் புகையையும் விறகுப் புகையையும் குடித்துக் குடித்து நுரையீரல் போய்விட்டது. பீடியைத் தொட்டதில்லை. 2024-இல் மட்டும் மூன்று தடவை மூச்சு முட்டி ஐ.சி.யூ. மூன்றாம் தடவை வெளியே வந்ததும் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "இனி என்னய அந்தக் கண்ணாடி ரூமுக்குக் கொண்டு போவாதிய." செயற்கை மூச்சு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒப்புக்கொண்டது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஸட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும் என்றது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியரே கெஸட்டட் அதிகாரிதான். அத்தைக்கு எழுதுவதில் இஷ்டமில்லை. "வாயால சொன்னா கேக்க மாட்டியளா?" என்றாள்.

அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு நுரையீரல் டாக்டரைப் பார்க்கப் போனேன். அதே அரசு ஆஸ்பத்திரிதான். அந்தக் கடைசி அறைக்கு ஒரு சீட்டு எழுதித் தாருங்கள் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது கேன்சர்காரங்களுக்கில்லம்மா?"

நான் வாத்தியார் வேலை பார்ப்பவள். எண்கள் கையிலேயே இருந்தன. இந்தச் சிகிச்சை தேவைப்படும் பெரியவர்களில் புற்றுநோய்க்காரர்கள் 34 சதவீதம்தான், இதய, ரத்தக்குழாய் நோய்க்காரர்கள் 38.5 சதவீதம், நாள்பட்ட மூச்சு நோய்க்காரர்கள் 10.3 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என்றேன். முகத்துக்கு நேரே விசிறினால் மூச்சுத்திணறல் தணிகிறது என்பதையும், முற்றிய நிலையில் சிலருக்கு மிகச் சிறிய அளவு மார்ஃபின் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வாயெடுத்து, அவருக்கே பாடம் நடத்துகிறோமோ என்று நிறுத்திக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினார். "இந்த ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன்.

அத்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். மடியில் பனையோலை விசிறி. சிஸ்டர் பதிவேட்டைத் திறந்தார், பெயர், வயது, நோய் எழுதினார், பழக்கத்தில் கேட்டார்: "யாரு அனுப்புனா?" நான் சீட்டை நீட்டினேன். பின்பக்கம் திருப்பிப் படித்தார். பிறகு, அந்தக் கட்டம் சின்னது, நுரையீரல் பிரிவு என்பதும் டாக்டர் பெயரும் அதில் அடங்கவில்லை. கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள்ளும் எழுதினார்.